கைபேசிச் செயலிகளின் குறைகளும் கிராம மக்களின் மௌனமும்

குளத்துக் கரையில் ஒரு நண்டு வளை வழியே நீர் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகி, மறுகால் பாயும் சமயம். கசிவை முதலில் கண்டவர், அது தம் வயலுக்கு நேரே உள்ளதா, பிறர் வயலுக்கு நேரே உள்ளதா என்று பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஊருக்குள் ஓடிவந்து சொல்கிறார். மண்வெட்டியும் மணல் மூட்டையுமாக ஆட்கள் திரண்டுவிடுகின்றனர். கிணற்றுப் பாசனத்துக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர் பழுதுபட்டாலும் அவ்வாறே. அன்று மாலைக்குள் பத்து விவசாயிகளேனும் மின்வாரிய அலுவலகத்தின் வாசலில் நிற்பதைக் காணலாம். சங்கரன்கோவில் வட்டாரத்து மக்கள் குறையை எடுத்துச் சொல்லத் தெரியாதவர்களும் அல்லர், சொல்ல அஞ்சுபவர்களும் அல்லர்.

ஆனால் இதே மக்கள், சிட்டாவில் தம் தகப்பனார் பெயர் பிழையாக ஏறியிருப்பதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். ரேஷன் கடையில் கைரேகை பதியாவிட்டால், ‘நாளைக்கு வருகிறேன்’ என்று சொல்லிப் பையை மடித்துக்கொண்டு திரும்புகின்றனர். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோனால், மறுநாளும் வந்து முதலிலிருந்து தொடங்குகின்றனர். எவரிடமும் முறையிடுவதில்லை. குளத்துக் கசிவுக்கு ஒரு நியாயமும் கம்ப்யூட்டர் கோளாறுக்கு வேறொரு நியாயமும் நம்மிடையே எவ்வாறு ஏற்பட்டன? பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் இதனைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் அவசியம் என்று கருதுகிறோம்.

கிராமத்துக்குள் வந்த மென்பொருள்

கம்ப்யூட்டரும் கைபேசியும் இன்னின்ன காரியத்தை இன்னின்ன முறையில் செய்யவேண்டும் என்று எழுதிவைத்த கட்டளைத் தொகுதியே மென்பொருள் எனப்படும். கைபேசியில் அது செயலி என்ற பெயரில் வருகிறது. கடந்த சில ஆண்டுகளுக்குள் இது நம் கிராமங்களில் நுழைந்த வேகம் வியக்கத்தக்கது. 2018 ஏப்ரலில் உழவன் செயலி வந்தது. 2019 பிப்ரவரியில், விவசாயக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வழங்கும் பி.எம். கிசான் திட்டம் தொடங்கியது. 2020 ஏப்ரலில் பஞ்சாயத்துகளின் திட்டமும் கணக்கும் இ-கிராம் ஸ்வராஜ் என்னும் இணையதளத்துக்குச் சென்றன. அதே ஆண்டு அக்டோபரில் நம் மாநில ரேஷன் கடைகளில் கைரேகை இயந்திரம் வைக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் வேலை உறுதித் திட்டத்தின் வருகைப் பதிவு கைபேசிக்கு மாறியது. 2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் முகாம்கள் கிராமந்தோறும் நடந்தன.

இவற்றால் விளைந்த நன்மைகளைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. ஒரு சிட்டா நகலுக்காகப் பஸ் ஏறித் தாலுகா கச்சேரிக்குச் சென்று, அதிகாரி முகாமுக்குப் போயிருக்கிறார் என்று கேட்டுத் திரும்பிய நாட்களை நாற்பது வயது கடந்த எவரும் மறந்திருக்க இயலாது. ஆயினும் புதிய கமலையோ புதிய மோட்டாரோ வாங்கினால் முதல் பருவத்தில் அதன் குணங்குற்றங்களைத் தட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்வது விவசாயிக்கு இயல்பு. மென்பொருள் விஷயத்தில் மாத்திரம் இந்தத் தட்டிப் பார்க்கும் வேலையை எவரும் செய்வதில்லை.

குற்றம் யாரிடம்?

முதற்காரணம், மக்கள் கோளாற்றைத் தம் மீதே ஏற்றிக்கொள்வது. கைப்பம்பில் நீர் வராவிட்டால், ‘எனக்குப் படிப்பு இல்லை, அதனால்தான் வரவில்லை’ என்று எவரேனும் சொல்வதுண்டோ? கைபேசித் திரையில் ஒரு கட்டம் திறக்காவிட்டால் அப்படித்தான் சொல்கின்றனர். நாற்பது ஆண்டுகள் களையெடுத்தும் பருத்தி எடுத்தும் பாவு முடிந்தும் வந்த ஒரு மூதாட்டியின் பெருவிரலில் ரேகை தேய்ந்து போயிருக்கும். இயந்திரம் படிக்கவில்லை. ‘என் விரல் தேய்ந்துவிட்டது ஐயா’ என்று அவர் வெட்கத்துடன் கூறுகிறார். அவர் கூறுவது உண்மை. ஆனால் உழைக்கும் மக்களுக்காகச் செய்த இயந்திரம், உழைப்பவர் விரல் தேயும் என்பதை அறிந்திருக்கவேண்டும் அல்லவா? தேய்ந்த விரல் மூதாட்டியின் குற்றமன்று. அதற்கு இடம் வைக்காதது இயந்திரத்தை வகுத்தவரின் குறை.

பெயர்ப் பிழைகளும் இவ்வகையினவே. நமது ஊரில் கோமதி அம்பாளின் பெயரைத் தாங்கிய பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணி முடியாது. தமிழில் எழுதினால் எல்லோரும் ஒரே கோமதிதான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஆதார் அட்டையில் ‘ஜி’ என்ற எழுத்தில் தொடங்கி, வங்கிப் புத்தகத்தில் ‘கே’ என்ற எழுத்தில் முடிந்திருக்கும். கம்ப்யூட்டர் இவ்விருவரையும் வெவ்வேறு ஆட்கள் எனக் கொள்கிறது. தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படும் என்பது தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த செய்தி. அது தெரியாத முறை ஒன்று ஏற்பட்டுவிட்டால், அதனை எடுத்துரைக்க வேண்டியவர் கோமதியேயன்றி வேறு யார்? அவரோ பெயர் மாற்றத்துக்கு வரிசையில் நிற்கிறாரேயொழிய, முறையில் குறை உண்டு என்று சொல்வதில்லை.

இரண்டாவது காரணம் நம் பண்பாட்டைச் சார்ந்தது. திரைக்குப் பின்னால் மென்பொருளைச் செய்தவர் சென்னையிலோ டெல்லியிலோ இருக்கிறார். திரைக்கு முன்னால் இருப்பவர் நமக்குத் தெரிந்த பிள்ளை. சேவை மையத்தில் தட்டச்சுச் செய்பவர், ரேஷன் கடை விற்பனையாளர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரை நாம் நாள்தோறும் முகம் பார்க்கவேண்டும். ‘கம்ப்யூட்டர் சரியில்லை என்று மனுப் போட்டால், அந்தப் பையன் மேல் அல்லவா நடவடிக்கை வரும்’ என்று மக்கள் தயங்குகின்றனர். இந்தத் தயக்கத்தை நாம் இகழவில்லை. அதில் இரக்கமும் இருக்கிறது, அநுபவமும் இருக்கிறது. குறை இயந்திரத்துடையது என்று தெளிவாக எழுதாத மனு, கடைசியில் கடைக்கோடி ஊழியர் மீதுதான் சென்று விழுகிறது.

சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடங்களுக்குள் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஊடை நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடுகிறது. இரைச்சல் அடங்கியதுமே நெசவாளர் திரும்பிப் பார்க்கிறார். அறுந்த நூலோடு பத்து கஜம் நெய்துவிட்டுப் பிறகு வருந்தும் நிலை வருவதில்லை. மென்பொருள் அவ்வாறன்று. ஒருவர் விண்ணப்பம் நின்றுபோனாலும் மற்றவர்களுடையது ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்த விண்ணப்பங்கள் கணக்கில் ஏறும். முடிக்காமல் எழுந்து போனவர் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள் புள்ளிகளைப் பார்த்துவிட்டு எல்லாம் செவ்வனே நடக்கிறது என்று எண்ணுவது இயற்கை. நமது மௌனம் அங்கே திருப்தி என்று பதிவாகிறது.

செலவு ஒருவருக்கு, பலன் ஊருக்கு

நாம் மிக முக்கியமானதாகக் கருதும் காரணம் இனி வருவது. குளத்துக் கரை உடைந்தால் நஷ்டம் ஊருக்கே பொதுவானது. கண்ணுக்குத் தெரிவது. டிரான்ஸ்பார்மர் எரிந்தால் அத்தனை கிணறும் ஒரே நாளில் நிற்கும். மென்பொருளின் குறையோ ஒவ்வொருவரையும் தனித்தனியே, வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் தாக்குகிறது. இன்று மேலத் தெருவில் ஒருவருக்கு, அடுத்த மாதம் கீழத் தெருவில் ஒருவருக்கு. இருவரும் சந்தித்துப் பேசிக்கொள்ளாத வரையில், தமக்கு மட்டும் நேர்ந்த துரதிருஷ்டம் என்றே இருவரும் நம்புவர்.

அன்றியும், குறை சொல்வதற்குச் செலவு உண்டு. அரை நாள் கூலி போகும், பஸ் சார்ஜ் ஆகும், மனு எழுதுபவருக்குக் கொடுக்கவேண்டும். குறை தீர்ந்தால் பயன் அடைவோர் பல்லாயிரம் பேர். ஆனால் செலவு முழுவதும் சொன்னவர் ஒருவர் தலையில். நாளைக்கு வந்தால் தம் காரியம் முடிந்துவிடும் என்று இருக்கும்போது, விவரம் தெரிந்த எந்த விவசாயியும் முறையிடுவதை விட நாளைக்கு வருவதையே தேர்ந்துகொள்வார். இது அறியாமை அன்று, கணக்குப் பார்த்துச் செய்யும் காரியம். ஆகவே ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று மேடையில் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை என்பது எமது கருத்து.

வசதி உள்ளவர்கள் வேறொரு வழி காண்கின்றனர். இடைத்தரகரிடம் நூறு ரூபாயைக் கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொள்கின்றனர். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் வெளியிட்ட ஒரு நூலில் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நைஜீரிய நாட்டு ரயில்வே சீர்கெட்டிருந்தது. லாரிகள் போட்டிக்கு வந்த பிறகும் அது ஏன் திருந்தவில்லை என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அவர் கண்ட விடை இதுதான்: உரத்துக் குறை சொல்லக் கூடியவர்கள் எல்லோரும் லாரிக்கு மாறிவிட்டார்கள். எஞ்சியவர்கள் சொன்னால் கேட்பாரில்லை. நம் கிராமங்களிலும், வல்லமையோடு முறையிடக் கூடியவர் தரகர் வழியே விலகிவிடுகிறார். விலக வழியற்ற ஏழையே திரையின் முன் காத்திருக்கிறார்.

முன்பு சொல்லிப் பார்த்துப் பலன் கிடைக்காதவர்களும் இருக்கின்றனர். இவ்விஷயத்தில் அலுவலகங்களின் நடைமுறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு விவசாயி தம் தவணை வரவில்லை என்று மனுக் கொடுக்கிறார். அதிகாரி விசாரித்து, வேறு வழியில் சரிசெய்து தருகிறார். மனு ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று முடிகிறது. விவசாயியின் குறை தீர்ந்தது மெய்யே. ஆனால் அதனை உண்டாக்கிய மென்பொருளின் குறை அப்படியே இருக்கிறது. மறுவாரம் இன்னொருவருக்கு அதே கதி. ‘என் குறை’ என்று வரும் மனுவுக்கு நம் அலுவலகங்களில் பாதை உண்டு. ‘முறையின் குறை’ என்று வருவது அரிது. வந்தாலும் அதனை எந்தத் தலைப்பில் பதிவது என்று எழுத்தர் திகைப்பார்.

இதற்கு நிலப் பதிவேட்டினும் சிறந்த சான்று இல்லை. மக்கள் யு.டி.ஆர். என்று அழைக்கும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1979-ல் தொடங்கி 1980-களில் நிறைவேறியது. அப்போது ஏறிய பெயர்ப் பிழைகளும் உட்பிரிவுப் பிழைகளும் பின்னர் கம்ப்யூட்டரிலும் ஏறின. நிலம் தம் கையில் இருக்கிறது, உழவு நடக்கிறது, பதிவேட்டில் என்ன இருந்தால் என்ன என்று இருந்துவிட்டனர். நிலத்தை விற்கவோ கடன் வாங்கவோ போகும்போது, பிழையை அறிந்த கணக்குப்பிள்ளையும் இல்லை, சாட்சி சொல்லும் பெரியவரும் இல்லை. ஒரு தலைமுறை பொறுத்துக்கொண்ட பிழையைத் திருத்த அடுத்த தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கிறது.

வருகைப் பதிவுச் செயலியின் வரலாறு

மௌனத்தினால் வரும் தீங்கு காலதாமதம் மட்டுமே என்றால் இத்தனை பக்கங்கள் எழுதவேண்டியதில்லை. அதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதற்கு அண்மைக்கால வரலாறு ஒன்றைக் கூறுவோம்.

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நடந்த பணிகளுக்கு, மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே 21 அன்று ஒரு வருகைச் செயலியை அறிமுகம் செய்தது. என்.எம்.எம்.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். பணித்தளத்தில் வேலை செய்வோரை நாளுக்கு இருமுறை, இடக் குறிப்போடு புகைப்படம் எடுத்து ஏற்றவேண்டும். 2022 மே 16 முதல் இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தளங்களிலும், 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக எல்லாத் தளங்களிலும் இது கட்டாயமாயிற்று. போலிப் பெயர்களைத் தடுப்பது நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் கண்மாய்க்கும் ஓடைக்கும் கைபேசிக் கோபுரத்தின் அலை எட்டுகிறதா என்பது வேறு விஷயம். படம் ஏறாவிட்டால் அன்றைய கூலிக்கு ஆபத்து. 2025–26-ல் நம் மாநிலத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய்.

பணித்தளப் பொறுப்பாளர்களாக இருந்த பெண்கள் என்ன செய்தனர்? அலை கிடைக்கும் மேட்டைத் தேடி நடந்தனர். மகனுடைய நல்ல கைபேசியை வாங்கிவந்தனர். பலர் ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

ஆனால் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து தொழிலாளர் சங்கங்கள் குரல் எழுப்பின. 2023 பிப்ரவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் நூறு நாள் போராட்டத்தைத் தொடங்கினர். நாடாளுமன்றத்திலும் கேள்விகள் எழுந்தன. செயலியில் சில திருத்தங்கள் வந்தன. காலை வருகையையும் முதற் படத்தையும் அலை இல்லாத இடத்திலேயே எடுத்து, அலை கிடைத்த பின் ஏற்றலாம் என்றாயிற்று. இரண்டாவது படத்தை நான்கு மணி நேரத்துக்குப் பின் எடுக்கலாம் என்றாயிற்று. தவிர்க்க முடியாத காரணத்தால் ஏற்ற இயலாத வருகையைக் கையால் பதிய மாவட்ட நிலையில் அதிகாரம் அளிக்கப்பட்டது. கிராமப்புறத்தில் வேலை செய்த அநுபவம் உடைய எவரையும் முதலிலேயே கேட்டிருந்தால் இம்மூன்றையும் சொல்லியிருப்பார். கேட்காதது ஒரு குறை என்றால், சொல்லாமல் இருந்ததும் ஒரு குறையே.

பிறகு 2025 ஜூலை 8 அன்று அதே அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுதல், நேரடியாக ஆட்களைப் படம் எடுக்காமல் முன்பே எடுத்த படத்தையே மீண்டும் படம் பிடித்தல், படத்தில் உள்ள தலைகளும் பதிவான வருகையும் பொருந்தாமை முதலான முறைகேடுகளை அது சுட்டிக்காட்டி, கிராமப் பஞ்சாயத்து நிலையில் ஏற்றப்படும் படங்கள் அனைத்தையும் சரிபார்க்க உத்தரவிட்டது. இவற்றில் மோசடி உண்டு என்பதில் ஐயமில்லை. வேலைக்கு வராதவர் பெயரில் கூலி எழுதுவது திருட்டு. அதற்குச் சமாதானம் கிடையாது.

எனினும் நடுநிலையோடு எண்ணிப் பார்ப்போம். படத்தைப் படம் பிடித்தவர்களில் எத்தனை பேர் திருட நினைத்தவர்கள்? செயலி ஏற்க மறுத்தபோது, உண்மையாக உழைத்தவர்களின் கூலி போய்விடுமே என்று குறுக்கு வழி கண்டவர்கள் எத்தனை பேர்? இன்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அன்று காலை 9 மணிக்கு ‘படம் மூன்று முறை ஏறவில்லை’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பஞ்சாயத்துச் செயலாளரிடம் ஒப்பம் பெற்று வைத்திருந்தவர் தப்பினார். மௌனமாகச் சமாளித்தவரும் மோசக்காரரும் பதிவேட்டில் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்கு மாற்றாக, 125 நாள் வேலைக்கு உறுதி கூறும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. பெயரும் விதியும் மாறலாம். கைபேசியை நீட்டிப் பதிவு செய்யும் முறை கிராமத்தை விட்டுப் போய்விடும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டா.

இங்கிலாந்தின் தபால் நிலையங்கள்

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய சங்கடம் என்று எண்ணலாகாது. இங்கிலாந்தில் சிறு ஊர்களின் தபால் நிலையங்களைத் தனியார் முகவர்கள், பெரும்பாலும் தம் கடையோடு சேர்த்து, நடத்திவருகின்றனர். 1999 முதல் அங்கே ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. மாலையில் கணக்குப் பார்த்தால், பெட்டியில் உள்ள பணத்துக்கும் கம்ப்யூட்டர் காட்டும் தொகைக்கும் வித்தியாசம் வந்தது. தாமே தவறு செய்துவிட்டதாக எண்ணிப் பலர் தம் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினர். உதவிக்குத் தொலைபேசியில் கேட்டபோது, வேறு எவருக்கும் இப்படி நேரவில்லை என்ற பதிலே பலருக்குக் கிடைத்தது. அவர்களும் நம்பினர். ஊராருக்குத் தெரிந்தால் அவமானம் என்று வெளியே சொல்லவும் இல்லை.

விளைவு கொடியது. 1999-க்கும் 2015-க்கும் இடையே தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். ஆலன் பேட்ஸ் என்ற முகவர் இணங்க மறுத்ததால் 2003-ல் தம் தபால் நிலையத்தை இழந்தார். 2009-ல் அவர் மற்ற முகவர்களைத் தேடிப் பிடித்து ஒரு சங்கம் கூட்டினார். அப்போதுதான், தனக்கு மட்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தது எல்லோருக்கும் நேர்ந்தது என்பது வெளியாயிற்று. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், அம்மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-ல் அந்நாட்டுப் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றித் தண்டனைகளை ரத்து செய்தது. சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தனர்.

படித்த மக்கள் நிறைந்த தேசத்தில் இப்படி நடந்தது. இதை ‘எனக்குப் படிப்பில்லை’ என்று கூறும் நம் பெரியவர்களுக்குப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் எடுத்துச் சொன்னால் நலம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

குறை சொல்லும் செலவு ஒருவர் தலையில் விழுவதே மௌனத்துக்கு மூலகாரணம் என்றோம். அப்படியானால் அச்செலவைப் பஞ்சாயத்து ஏற்றுக்கொள்வதே வழி. இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டா. கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். அதனைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்து, வார்டு அங்கத்தினர் ஒருவரும் படித்த இளைஞர் ஒருவரும் பொறுப்பேற்கலாம். சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் இருப்பது மிகவும் நல்லது. வீட்டுப் பெண்கள் அவரிடம் தயங்காமல் பேசுவர்.

எவ்வாறு எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். கால்நடை மருத்துவரிடம் சென்று ‘மாடு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? ‘நேற்று மாலையிலிருந்து அசைபோடவில்லை, சாணம் தண்ணீராகப் போகிறது, புதுத் தீவனம் வைத்தோம்’ என்றால் பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும். ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்பது ‘மாடு சரியில்லை’ என்பது போன்றது. தேதி, மணி, இடம், எந்தச் செயலி, எந்தக் காரியத்துக்காக, எந்தப் படியில் நின்றது, திரையில் வந்த வாசகம் என்ன என்று எழுதவேண்டும். அவ்வாசகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் உள்ளது உள்ளபடி எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ள வேண்டும். செய்தவர்களுக்கு அதுவே முக்கியமான தடயம். திரையை மற்றொரு கைபேசியால் படம் எடுத்து வைப்பதும் உதவும். எத்தனை முறை முயன்றனர், கடைசியில் எப்படிச் சமாளித்தனர், அதனால் எத்தனை நாள் கூலி போயிற்று என்பனவும் வேண்டும். சமாளித்த விதத்தை எழுதுவது பற்றிக் கூச்சம் கூடாது. ஆபத்தில் கைகொடுக்கும் சாட்சி அதுதான்.

ஆதார் எண்ணையும், கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணையும், வங்கிக் கணக்கு எண்ணையும் அந்த நோட்டில் எழுதவே கூடாது. படம் எடுக்கும்போதும் அவற்றை மறைத்துவிட வேண்டும். திரைக்கு முன்னால் இருந்த ஊழியரின் பெயரும் வேண்டியதில்லை. பெயரை விட்டுவிட்டால், ஊழியர்களே முன்வந்து தாம் படும் சிரமங்களைச் சொல்வதைக் காணலாம். ஒரு நாளில் நாற்பது பேருக்கு நேர்ந்த கோளாறு அவர்களுக்குத்தான் தெரியும்.

மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டினால் ஒரே குறை பத்து இடங்களில் வந்திருப்பது தெரியும். அப்போது அது தனி மனிதர் மனு அன்று, டிரான்ஸ்பார்மர் எரிந்தது போன்ற பொதுக் காரியம் ஆகிவிடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ‘இன்ன செயலியில் இன்ன படியில் இத்தனை பேருக்கு இன்ன தேதிகளில் இக்குறை நேர்ந்தது, இதனைத் திருத்தவேண்டும்’ என்று அங்கே தீர்மானம் நிறைவேற்றலாம். மாநில அரசின் செயலி பற்றியதாயின் முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணிலும், ஆதார் பற்றியதாயின் 1947 எண்ணிலும், மத்திய அரசின் செயலி பற்றியதாயின் அவ்வரசின் குறைதீர் இணையதளத்திலும் பதியலாம். ஒவ்வொன்றிலும் கிடைக்கும் பதிவு எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளல் அவசியம். தனி ஒருவரின் காரியம் முடிந்துவிட்டதாகப் பதில் வந்தால், ‘மனுதாரர் காரியம் முடிந்தது, செயலியின் குறை திருத்தப்பட்டதா?’ என்று மறுபடியும் கேட்கவேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் நின்றுவிடுகின்றனர்.

தீர்மானத்தின் நகலை வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் அனுப்புதல் வேண்டும். டெல்லியில் எழுதப்பட்ட மென்பொருளில் ஓர் எழுத்தை மாற்றவும் எமக்கு அதிகாரம் இல்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால் மேலே எழுத அதிகாரம் உண்டு. ‘கிராமங்களில் சிரமம் இருப்பதாகத் தெரிகிறது’ என்று எழுதும் கடிதத்துக்கும், ஆறு பஞ்சாயத்துகளின் தீர்மான எண்களையும் தேதிகளையும் இணைத்து எழுதும் கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அலுவலகத்தில் இருந்தவர்கள் அறிவர். நோட்டின் கடைசிப் பத்திக்கு ‘பதில்’ என்று தலைப்பிட்டு, பதில் வராதவற்றை வெறுமையாகவே விட்டுவைத்து, அடுத்த கிராம சபையில் அவ்வெற்றிடங்களையும் தேதியோடு சேர்த்து வாசிக்கவேண்டும்.